பழைய வரைகலை அட்டையை மாற்றலாமா?



மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே அமைந்தது எங்கள் கூமாப்பட்டி. 2025 ஆம் ஆண்டில் இவ்வூரின் பெயர் கைப்பேசித் திரைகளின் வாயிலாகத் தமிழகமெங்கும் பரவியதை உங்களுள் பலர் அறிவீர்கள். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் வாழ்க்கை பிளவக்கல் அணையையும், நெல்வயலையும், தென்னந்தோப்பையும், கிணற்றையும் சார்ந்ததே ஆகும். இவ்வூரில் பிறந்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, கணக்கும் அறிவியலும் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். அறுபதைக் கடந்த ஒருவன் கணினி விளையாட்டுக்குரிய கருவியைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன்.

எங்களுடன் தங்கிக் கல்லூரியில் படிக்கும் என் பேரன், சென்ற 2025 அக்டோபர் மாதத்தில் ஒருநாள் மாலை என்னிடம் வந்தான். “தாத்தா, என் கம்ப்யூட்டரில் உள்ள கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது. புதிது வாங்கலாம் என்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டான். அவன் என்னிடம் பணம் கேட்கவில்லை. இரண்டு விடுமுறைகளில் தேங்காய் மண்டி ஒன்றில் கணக்கு எழுதி அவன் சேர்த்த 20,000 ரூபாய் அவனிடம் இருந்தது. அவன் விரும்பிய அட்டை அத்தொகையை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும்.

“விளையாட்டுக்கு இத்தனை பணமா?” என்னும் சொல் என் நாவின் நுனிவரை வந்தது. நல்லவேளையாக அதை அடக்கிக்கொண்டு காரணத்தைக் கேட்டேன். அவனும் அவனுடைய பள்ளித் தோழர் நால்வரும் இரவில் ஒரு மணி நேரம் இணையத்தின் வழியே கூடி ஆடுகின்றனர். ஒருவன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், ஒருவன் சென்னையில், மற்ற இருவர் வேறு ஊர்களில் படிக்கின்றனர். ஐவர் சேர்ந்த அணியாக ஆடும் அவ்வாட்டத்தில், நெருக்கடியான நேரத்தில் இவனுடைய திரை மட்டும் திக்கித் திக்கி நின்றுவிடுகிறது, அணி தோற்றுவிடுகிறது. “நீ கொஞ்ச நாள் உட்கார்ந்திரு; வேறு ஒருவனைச் சேர்த்துக்கொள்கிறோம்” என்று தோழர்கள் சொல்லிவிட்டனராம். ஊரைவிட்டுப் பிரிந்த பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் ஒரு திண்ணை. திண்ணையிலிருந்து எழுந்து போகச் சொன்னால் யாருக்குத்தான் மனம் நோகாது? அவர்கள் ஐவரும் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளே ஆவர். ஆகவே இது ஆராயத்தக்க பொருள் என்று கொண்டேன்.

வரைகலை அட்டை என்பது யாது என்பதை முதலில் பார்ப்போம். பிள்ளைகள் கிராபிக்ஸ் கார்டு என்று சொல்வது இதனையே. கணினித் திரையில் நாம் காணும் படம் மிகச் சிறிய ஒளிப்புள்ளிகளால் ஆகியது. இன்று பரவலாக வழங்கும் திரையில் அகலவாட்டத்தில் 1,920 புள்ளிகளும், உயரவாட்டத்தில் 1,080 புள்ளிகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 20,73,600 வரும். விளையாட்டில் காட்சி இடைவிடாது மாறுவதால், ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். திரைப்படத்திற்கு நொடிக்கு 24 படங்கள் போதும். நம் கைக்கு உடனே கட்டுப்பட்டு நடக்க வேண்டிய விளையாட்டிற்கோ நொடிக்கு 60 படங்களேனும் இருந்தால் நன்று. அவ்வாறாயின் ஒரு நொடியில் 12 கோடியே 44 இலட்சத்து 16 ஆயிரம் புள்ளிகளுக்கு நிறம் தீட்டவேண்டும்! ஒரு படத்தை முடிக்கக் கிடைக்கும் காலம் நொடியில் 60-இல் ஒரு பங்கே ஆகும்.

இவ்வேலையைக் கணினியின் மையச் செயலி தனியே செய்யமுடியாது. மையச் செயலியைப் பேரறிவுடைய நான்கு ஆசிரியர்களுக்கு ஒப்பிடலாம். எத்தகைய கடினமான கணக்கையும் அவர்கள் செய்வர், ஆயினும் நால்வரே. வரைகலை அட்டையோ, எளிய கூட்டலும் பெருக்கலும் மட்டும் அறிந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே சமயத்தில் பலகையில் எழுதுவது போன்றது. என் பேரனிடம் இருந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்னும் அட்டையில் அத்தகைய கணக்கிடும் உறுப்புகள் 768 உள்ளன. அதே நிறுவனம் 1999 இல் ஜீஃபோர்ஸ் 256 என்னும் அட்டையை வெளியிட்டபோது, “வரைகலைச் செயலி” என்னும் பெயரைப் பரப்பியது. விளையாட்டுக்காக வளர்ந்த அவ்வுறுப்பே இன்று செயற்கை நுண்ணறிவுக்கும் அடித்தளமாக விளங்குகின்றது.

இனி, அட்டை “பழையதாகிவிட்டது” என்பதன் பொருளைப் பார்ப்போம். மனிதனைப் போல் மின்சில்லு ஆண்டுதோறும் தளர்வதில்லை. 2016 அக்டோபரில் வெளிவந்த 1050 டிஐ அட்டை, அன்று ஒரு நொடியில் செய்த கணக்கை இன்றும் ஒரு நொடியில் செய்யும். ஆயினும் முதுமை மூன்று வழிகளில் அதனை வந்தடைகின்றது.

முதலாவது, உடலின் முதுமை. அட்டையின் மேல் உலோகத் தகடுகளும் விசிறியும் உள்ளன. எங்கள் ஊர்ப் புழுதி அத்தகடுகளின் இடையே கம்பளிபோல் படிந்துவிடும். சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய வெப்பக் களிம்பு நாளடைவில் உலர்ந்து போகும். வெப்பம் வெளியேறாதபோது, சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இது நோயே அன்றி மூப்பு அன்று. தூரிகையாலும் களிம்பாலும் தீரும்.

இரண்டாவது, ஒப்பீட்டினால் வரும் முதுமை. அட்டை அப்படியே இருக்க, புதிய விளையாட்டுகளின் பசி வளர்கின்றது. சிறப்பாக, அட்டையின் சொந்த நினைவகம் போதாமற் போகின்றது. 1050 டிஐயில் உள்ளது 4 ஜிகாபைட். புதிய பெரும் விளையாட்டுகள் பல 8 ஜிகாபைட்டை எதிர்பார்க்கின்றன. இடம் போதாதபோது, தேவையான படங்களைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து மாற்றி மாற்றிக் கொண்டுவர நேரும், திரை திக்கும்.

மூன்றாவது, கைவிடப்படுவதால் வரும் முதுமை. அட்டையை இயக்கும் மென்பொருளை அதனைச் செய்த நிறுவனம் காலந்தோறும் புதுப்பித்து வரும். 1050 டிஐ உள்ளிட்ட தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான புதுப்பிப்புகள் 2025 அக்டோபருடன் நின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்துள்ளது. மேலும், ஒளிக்கதிரின் போக்கைக் கணக்கிட்டு நிழலையும் எதிரொளியையும் வரையும் தனியுறுப்பு பழைய அட்டைகளில் இல்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதத்தில் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ஆகிய விளையாட்டுகள் அவ்வுறுப்பைக் கட்டாயமாக வேண்டுகின்றன. அது இல்லையாயின் எவ்வளவு அமைப்புகளைக் குறைத்தும் பயனில்லை.

இம்மூன்றையும் என் பேரனுக்கு எடுத்துரைத்தபோது, “அப்படியானால் மாற்ற வேண்டியதுதானே?” என்றான் அவன். அப்பொழுது அவனுக்கு நான் இதுவரை சொல்லாத ஒரு செய்தியைச் சொன்னேன்.

2003 ஆம் ஆண்டின் கோடையில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இருந்த 5 குதிரைத்திறன் மோட்டார் முன்போல் நீர் இறைக்கவில்லை. வாய்க்காலில் நீர் நூல்போல் ஓடியது. மோட்டார் பழையதாகிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். கடன் வாங்கி ஏழரைக் குதிரைத்திறன் மோட்டாரை இறக்கினேன். முதல்நாள் நீர் வெள்ளமாகப் பாய்ந்தது. நான் பெருமிதத்துடன் வரப்பில் நின்றேன். ஒரு மணி நேரத்தில் கிணறு வற்றிவிட்டது. ஊற்று தன் அளவிற்குத்தானே சுரக்கும்? மோட்டாரின் திறனை ஊற்று அறியுமா? எங்கள் தோட்டத்திற்கு வரும் மின்சாரமும் கோடையில் அழுத்தம் குறைந்தது. இரண்டாம் மாதத்தில் புது மோட்டாரின் சுருள் எரிந்துபோயிற்று. அதனைக் கழற்ற வந்த மெக்கானிக், பழைய மோட்டாரின் குழாயை எடுத்துப் பார்த்தார். அடியிலிருந்த ஃபுட் வால்வில் சேறும் தழையும் அடைத்துக்கொண்டிருந்தன. “சார், இதைச் சுத்தம் செய்திருந்தால் போதுமே” என்றார். சுத்தம் செய்து பழைய மோட்டாரையே மாட்டினோம். நீர் முன்போல் வந்தது.

அந்த ஆண்டு என் இளைய மகளை மதுரைக் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தேன். கடனுக்குத் தவணை கட்டிய பின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் ஓராண்டு வீட்டிலிருந்து, மறு ஆண்டே சேர்ந்தாள். அவள் என்னை ஒரு சொல்லும் குறைகூறவில்லை. கணக்கு ஆசிரியனாகிய நான், ஒரு கணக்கும் போடாமல் கடைக்குச் சென்றதை மட்டும் இன்றளவும் மறக்கவில்லை.

நேயர்களே! கணினியும் ஒரு நீரிறைக்கும் அமைப்பைப் போன்றதே. விளையாட்டின் உலகில் யார் எங்கு நிற்கிறார், குண்டு எங்கே செல்கிறது என்பனவற்றைக் கணித்து, “இதனை வரை” என்று ஆணையிடுவது மையச் செயலி. அது கிணற்றின் ஊற்று. அவ்வாணையைப் படமாக்கித் தள்ளுவது வரைகலை அட்டை, அது மோட்டார். அட்டையைத் தாய்ப்பலகையுடன் இணைக்கும் பாதை குழாய். எஸ்.எம்.பி.எஸ். என்று கடைகளில் வழங்கும் மின்வழங்கி, மின்கம்பத்திலிருந்து வரும் இணைப்பு. திரையோ வயல். இவற்றுள் எது மிகக் குறுகியதோ, அதுவே மொத்த வேகத்தை வரையறுக்கும். ஊற்றுக் குறைவாயின் மோட்டாரை மாற்றிப் பயனில்லை. வயல் சிறியதாயின் மிகுந்த நீர் வீணே. நொடிக்கு 60 முறை மட்டும் படத்தை மாற்றவல்ல திரைக்கு 150 படங்களை அனுப்பினால், திரை அவற்றை முழுமையாகக் காட்ட இயலாது.

எனவே, “அட்டை பழையதா?” என்பதை விட, “தடை எங்கே உள்ளது?” என்னும் கேள்வியே முதன்மையானது. அதனை அறியக் காசு செலவில்லை. நானும் என் பேரனும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து இரண்டு வாரம் சோதனை செய்தோம். நீங்களும் உங்கள் வீட்டில் செய்யலாம், முறையைக் கூறுகிறேன்.

விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜர் என்னும் பகுதியில், மையச் செயலியும், நினைவகமும், வரைகலை அட்டையும் எத்தனை விழுக்காடு உழைக்கின்றன என்பது தெரியும். விளையாட்டு ஓடும்போது அதனைக் கவனிக்கவேண்டும். அட்டை 95 விழுக்காட்டுக்கு மேல் இடைவிடாது உழைத்தும் படங்கள் போதவில்லையாயின், தடை அட்டையில் உள்ளது. அட்டை பாதி உழைப்பில் இளைப்பாறிக்கொண்டிருக்கும்போதே திரை திக்குமாயின், தடை வேறிடத்தில் உள்ளது. இதனை உறுதி செய்ய மற்றொரு வழியும் உண்டு. திரையின் நுட்பத்தை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைத்துப் பார்க்கலாம். புள்ளிகளின் எண்ணிக்கை 9,21,600 ஆகும். அஃதாவது, அட்டையின் புள்ளிச் சுமை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அப்பொழுது வேகம் ஏறினால் குறை அட்டையிலே. ஏறாவிடில் குறை செயலியிலோ நினைவகத்திலோ என்று கொள்ளலாம். சுமையைக் குறைத்தும் வண்டி விரையவில்லையென்றால், குற்றம் சுமையினது அன்றே!

எங்கள் சோதனையின் முடிவு எங்கள் இருவரையுமே வியப்பில் ஆழ்த்தியது. அவனும் தோழர்களும் ஆடுவது 2020 இல் வெளிவந்த வாலரண்ட் என்னும் ஆட்டம். அது வரைகலை அட்டையை விட மையச் செயலியையே மிகுதியாகச் சார்ந்தது. திரை திக்கிய வேளைகளில் அட்டை 50 முதல் 60 விழுக்காடே உழைத்தது. நுட்பத்தைக் குறைத்தும் திக்கல் நிற்கவில்லை. ஆனால் கணினியின் 8 ஜிகாபைட் நினைவகம் ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருந்தது. விளையாட்டின் பின்னணியில் இணைய உலாவியும் வேறு சில செயலிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அன்றியும், அந்த 8 ஜிகாபைட் ஒரே பலகையாக ஒரே பள்ளத்தில் செருகப்பட்டிருந்தது. இரண்டு பலகைகளை உரிய பள்ளங்களில் இட்டால் செயலிக்கும் நினைவகத்திற்கும் இடையே இரட்டைப் பாதை கிடைக்கும். இவனோ ஒற்றைப் பாதையில் சென்றுகொண்டிருந்தான்.

அடுத்து, 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077 என்னும் கதை விளையாட்டைச் சோதித்தோம். அங்கு நிலைமை நேர்மாறானது. அட்டை 99 விழுக்காடு உழைத்து மூச்சு வாங்கியது. நொடிக்கு 26 படங்களே வந்தன. நுட்பத்தைக் குறைத்தபோது 41 ஆயிற்று. ஆகவே அவ்விளையாட்டில் தடை அட்டையே, ஐயமில்லை. நோட்டுப் புத்தகத்தில் மற்றொரு கணக்கும் இருந்தது. அந்தப் பதினான்கு நாட்களில் அவன் தோழருடன் ஆட முயன்றது பதினொரு நாள். கதை விளையாட்டை ஆடியது இரண்டே நாள். அவன் மனம் நொந்தது எதனால் என்பதும், பணம் செல்ல இருந்தது எதற்கு என்பதும் வெவ்வேறாக இருந்தன.

“ஆனாலும் தாத்தா, டூம் மாதிரி புது விளையாட்டு ஆட வேண்டுமே” என்றான். நியாயமான கேள்வி. அவன் வாங்க எண்ணியது ஏ.எம்.டி. ரேடியான் ஆர்எக்ஸ் 6600. 2021 அக்டோபரில் வெளிவந்த அவ்வட்டையில் 8 ஜிகாபைட் நினைவகமும், ஒளிக்கதிர்க் கணக்கிற்கு உரிய உறுப்பும் உண்டு. டூம்: தி டார்க் ஏஜஸ் விளையாட்டுக்குக் குறைந்த அளவுத் தேவையாக அறிவிக்கப்பட்ட அட்டைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் அதே அறிவிப்பில் மையச் செயலிக்கு 8 கருக்களும், நினைவகம் 16 ஜிகாபைட்டும் வேண்டும் என்றும் உள்ளது. இவனுடைய கோர் ஐ3 8100 செயலியில் இருப்பவை 4 கருக்கள். மோட்டாரை மாற்றலாம், ஊற்றுக்கு எங்கே போவது?

மின்சாரத்தையும் பார்த்தோம். பழைய 1050 டிஐ அட்டை 75 வாட் கொள்வது. பெரும்பாலான மாதிரிகளில் தாய்ப்பலகையின் பள்ளத்திலிருந்தே அம்மின்சாரம் கிடைத்துவிடும். ஆர்எக்ஸ் 6600 கொள்வது 132 வாட். அதற்குத் தனி மின்கம்பி இணைப்பு வேண்டும். 450 வாட் மின்வழங்கியைத் தயாரிப்பாளரே பரிந்துரைக்கின்றனர். இவன் கணினியில் இருந்ததோ பெயரறியாத மலிவான மின்வழங்கி. அத்தகைய இணைப்பு அதில் இல்லவே இல்லை. ஆகவே அட்டையின் விலையோடு நல்ல மின்வழங்கியின் விலையையும் சேர்த்தே எண்ணவேண்டும். மின்கட்டணத்தைப் பற்றிச் சிலர் அஞ்சுவர். நாள்தோறும் 2 மணி நேரம் ஆடினால், 57 வாட் மிகுதிக்கு மாதம் மூன்றரை யூனிட்டே கூடும், அது பொருட்டன்று. தரம் குறைந்த மின்வழங்கி பழுதானால் அது தன்னுடன் மற்ற உறுப்புகளையும் கெடுக்கக்கூடும் என்பதே அஞ்சத்தக்கது.

குழாயின் அகலத்தையும் மறக்கலாகாது. சில புதிய அட்டைகள், தாய்ப்பலகையுடன் பேசுவதற்குக் குறைந்த தடங்களையே பயன்படுத்துகின்றன. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு தடங்களை மட்டும் உடையது. புதிய தாய்ப்பலகையில் ஒருவாறு ஓடும் அது, பாதையின் வேகம் பாதியாக உள்ள பழைய தாய்ப்பலகையில் கண்கூடாகப் பின்தங்குகின்றது. புதியது என்பதனாலேயே ஒரு பொருள் நம் வீட்டிற்குப் பொருந்திவிடாது. அட்டையின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா என்பதையும் அளவுகோலால் அளந்து பார்க்கவேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதி முடித்தபின், “பணம் உன்னுடையது, முடிவும் உன்னுடையது” என்று நோட்டுப் புத்தகத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன். மறுநாள் அவன் தன் முடிவைச் சொன்னான். அட்டையை இப்போது வாங்குவதில்லை. முதலில் செலவு குறைந்தவற்றைச் செய்து பார்ப்பது.

அவ்வாறே ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்னிணைப்பைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்தான். பெயின்ட் அடிக்கும் தூரிகை கொண்டு தூசியை அகற்றினான். உலர்ந்த களிம்பைத் துடைத்துப் புதிது பூசினான். முன்பு 84 டிகிரிவரை ஏறிய அட்டையின் வெப்பம், அதே ஆட்டத்தில் 71 டிகிரியில் நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள கல்லூரித் தோழன் ஒருவன், தன் பழைய கணினியிலிருந்து கழற்றிய 8 ஜிகாபைட் நினைவகப் பலகையைக் குறைந்த விலைக்குத் தந்தான். அதே டிடிஆர்4 வகை, அதே வேகம் என்பதைச் சரிபார்த்துச் செருகினோம். 2025 அக்டோபர் 14 ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கு உரிய இலவசப் பராமரிப்பு முடிவுற்றது. இவனுடைய செயலி விண்டோஸ் 11க்கு ஏற்றதாக இருந்தமையால், செலவின்றி அதற்கும் மாறிக்கொண்டான். கதை விளையாட்டிற்கு, ஏ.எம்.டி. 2021 இல் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் என்னும் முறையைப் பயன்படுத்தினான். சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் அம்முறை பழைய அட்டைகளிலும் வேலை செய்கிறது. சற்றே மங்கலானாலும் நொடிக்கு 35 படங்கள் கிடைத்தன.

வாலரண்ட் ஆட்டத்திலோ, படங்களின் எண்ணிக்கை 60க்குக் கீழே இறங்கவேயில்லை.

இதனைக் கேட்டுவிட்டு, “புதிய அட்டையே வாங்கவேண்டாம் என்கிறார் கிழவர்” என்று யாரும் கொள்ளவேண்டாம். நீங்கள் நாள்தோறும் ஆடும் விளையாட்டிலேயே அட்டை முழு உழைப்பில் திணறுமாயின், செயலியும் நினைவகமும் மின்வழங்கியும் புதியதைத் தாங்குமாயின், பணம் கடனில்லாததாயின், தாராளமாக வாங்கலாம். அப்பொழுது அது வீண் செலவு ஆகாது. ஆனால் வாங்கும்போது, இன்றைய விளையாட்டுகளின் குறைந்த அளவுத் தேவைக்குச் சற்று மேலுள்ளதையே வாங்குக. குறைந்த அளவில் இன்று நிற்பது, நாளை வாயிலுக்கு வெளியே நிற்கும்.

சென்னை ரிச்சி தெருவிலோ பிற இடங்களிலோ பழைய அட்டையை வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். 2020 முதல் 2022 வரை மின்சில்லுப் பற்றாக்குறையாலும், எதீரியம் என்னும் மின்பணத்தை ஈட்டுவோர் போட்டியிட்டு வாங்கியதாலும் அட்டைகளின் விலை உலகெங்கும் ஏறியது. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், இரவு பகலாக ஓடிய அட்டைகள் பழைய பொருட்சந்தைக்கு வந்தன. அவை யாவும் கெட்டவை அல்ல; ஆயினும் விசிறியும் களிம்பும் தேய்ந்திருக்கலாம். விற்பவர் முன்னிலையிலேயே அரைமணி நேரம் விளையாட்டை ஓட்டி, வெப்பத்தையும் திரையின் கோளாறுகளையும் பார்த்து, இரசீதும் எஞ்சிய உத்தரவாதமும் பெற்றே வாங்குதல் நலம். விலை எப்போதும் இறங்கிக்கொண்டே வரும் என்றும் நம்பலாகாது. 2025 ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியதைக் கண்டோம். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதனையும் கணக்கில் சேர்த்தே முடிவு செய்யவேண்டும்.

என் பேரனின் 20,000 ரூபாயில் பெரும்பகுதி அஞ்சலகச் சேமிப்பில் இருக்கிறது. படிப்பு முடிந்தபின், செயலி, தாய்ப்பலகை, மின்வழங்கி, அட்டை ஆகிய நான்கையும் ஒருங்கே பொருத்தமாக அமைத்துக்கொள்வதாகச் சொல்கிறான். மனம் மாறி முன்னரே வாங்கினாலும் நான் தடுக்கமாட்டேன். எதற்காக வாங்குகிறான் என்பதை அவன் இப்போது அறிவான்.

தோழர்கள் அவனை மீண்டும் அணியில் சேர்த்துக்கொண்டனர். இரவு ஒன்பது மணிக்கு மேல் அவன் அறையிலிருந்து சிரிப்பொலி கேட்கிறது. கோயம்புத்தூரிலிருப்பவன் சில வேளை, “சார் தூங்கிவிட்டாரா?” என்று கேட்பது என் காதிலும் விழும். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அந்த 5 குதிரைத்திறன் மோட்டார், இருமுறை சுருள் மாற்றப்பெற்று, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கோடை தொடங்குமுன் ஒவ்வோர் ஆண்டும் ஃபுட் வால்வை எடுத்துச் சுத்தம் செய்வது என் வேலை. இவ்வாண்டு அதனைப் பேரனே செய்வதாகச் சொல்லியிருக்கிறான்.